நங்கூரம் மட்டும் வேண்டாம்

அலங்காரக்காரர் படங்களை மேஜைமேல் பரப்பிக்கொண்டே போனார். நீலமும் வெள்ளையுமாய்த் துணி, தூண்களில் சுற்றிய பருத்த கயிறு, மாலைபோல் வரிசையாகத் தொங்கும் மிதவை வளையங்கள். படகில் கல்யாணம் என்று ஆனபிறகு இதெல்லாம் இல்லாவிட்டால், வந்தவர்கள் ஏதோ படகுச் சவாரிக்கு வந்ததாக நினைத்துவிடுவார்கள் என்றார். மணமேடைக்குப் பின்னால் ஆளுயர நங்கூரம் ஒன்று, அட்டையில் செய்து வெள்ளிக் காகிதம் ஒட்டியது, தொட்டுப் பார்க்கும்வரை இரும்பென்றே தோன்றும் என்று அவர் சொன்னபோதுதான் பெண்ணின் அம்மா வாயைத் திறந்தாள்.

"நங்கூரம் மட்டும் வேண்டாம்."

கடல் கல்யாணத்தில் நங்கூரம் வேண்டாமென்பது, கல்யாணத்தில் மாப்பிள்ளை வேண்டாமென்பது மாதிரி இருக்கிறதே என்று அவர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. பெண் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். எதிரே உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சம்பந்தியம்மா பாத்திரக் கடை வைத்திருப்பவள். பித்தளை உருளும் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, குரலைத் தாழ்த்தத் தெரியாமலே போய்விட்டது. மனசில் பட்டதை வாய்க்குள் வைத்திருக்கவும் தெரியாது. படகில் கல்யாணம் என்று கேட்ட அன்றே, "ஊர்ல மண்டபமா இல்ல? கல்யாணம் நம்ம பிள்ளைங்களுக்கா, மீனுக்கா?" என்று கேட்டவள். மகன் பிடிவாதமாக இருந்ததால் சரியென்றாள். ஆனால் ஒரு குறை அவளுக்கு ஆறவேயில்லை. பெண்ணைப் பெற்ற மனிதர் ஒரு தடவைகூட முகத்தைக் காட்டவில்லை. கப்பலில் அதிகாரி, லீவு கிடைக்கவில்லை என்றே பதில் வந்துகொண்டிருந்தது.

அந்தப் பதிலைச் சொன்னவள் பெண்ணின் அம்மாதான். அவளுக்குப் பல் வைத்தியர் ஒருவரிடம் முன்னறையில் உட்கார்ந்து ஆட்களை உள்ளே அனுப்பும் வேலை. வருகிறவர்களிடம் "வலிக்காது, வலிக்காது" என்று நாள் முழுதும் சொல்லிப் பழகிய வாய்க்கு இந்தப் பொய் பெரிய பாடாக இல்லை. உண்மையைச் சொல்வதுதான் பாடாக இருந்தது.

அலங்காரக்காரர் போனதும் சம்பந்தியம்மா எழுந்து சமையலறைக்கே வந்துவிட்டாள். நங்கூரம் என்ன பாவம் பண்ணியது என்று கேட்டாள். பெண்ணின் அம்மா குழாயைத் திறந்து, டம்ளரைக் கழுவி, கழுவினதையே மறுபடி கழுவினாள். பிறகு ஜன்னல் பக்கம் கை காட்டினாள். அந்த ஜன்னலில் நின்றால் கட்டடங்களின் இடுக்கில் ஒரு விரல் அகலத்துக்குக் கடல் தெரியும். அதில் ஒரு கறுப்புப் புள்ளி.

"அதுதான் அவர் கப்பல். வேலையில இல்ல. மாட்டிக்கிட்டு இருக்கார்."

முதலாளி கடனில் மூழ்கி ஆளே காணாமல் போனது, கோர்ட்டு கப்பலை நகரக்கூடாது என்று நிறுத்தியது, மற்றவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பியது, கப்பலுக்குப் பொறுப்பாக ஓர் ஆள் இருந்தே ஆகவேண்டும் என்று அவரை மட்டும் வைத்துக்கொண்டது, கப்பல் விலைபோகும்வரை அவர் கரையில் கால் வைக்க முடியாது என்பது, எல்லாவற்றையும் சொன்னாள். கப்பலில் எண்ணெய் தீர்ந்து விளக்கும் கிடையாது. தண்ணீரும் அரிசியும் கொண்டுபோகிற படகுக்காரரிடம் போனைக் கொடுத்து, சார்ஜ் ஏற்றி வாங்கித்தான் பேசுவார். அப்பா கரைக்கு வர முடியாவிட்டால் கல்யாணம் அங்கே போகட்டும் என்று சொன்னது பெண். மாப்பிள்ளைக்கும் தெரியும். வெளியே தெரிந்தால் கோர்ட்டு என்பது நாலு வாய் மாறி ஜெயில் என்று ஆகிவிடுமே என்று பயந்து மறைத்தவள் தான்தான் என்றாள்.

சம்பந்தியம்மா ஜன்னலுக்குப் போய் அந்தப் புள்ளியைப் பார்த்தாள். பேசியபோது குரல் வழக்கத்துக்கு மாறாகச் சின்னதாக வந்தது.

"முதல்லயே சொல்லியிருந்தா, படகுக் கல்யாணம் கூத்துன்னு கடைக்கு வந்தவங்ககிட்டல்லாம் சிரிச்சிருக்க மாட்டேனே."

கோபம் அவளுக்குப் போகவில்லை. அது முகத்தில் அப்படியே இருந்தது. இருந்தாலும் கிளம்பும்போது, ஒத்திகைக்குப் படகு போகிற அன்றைக்குத் தானும் வருவதாகச் சொன்னாள்.

கப்பலில் இருக்கிறவருக்கு இந்த ஏற்பாடு இன்னும் தெரியாது, பாருங்கள். போனில் சொன்னால் பாதியில் அணைந்துவிடும், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று அம்மாவும் மகளும் வைத்திருந்தார்கள். தண்ணீர் கொண்டுபோகிற அதே படகுக்காரரைத்தான் கல்யாணத்துக்கும் பேசியிருந்தார்கள். கப்பல் பக்கத்தில் போய் நிற்கலாம், படகை அதில் கட்டக் கூடாது, யாரும் ஏறவும் கூடாது என்று துறைமுகத்தில் சொல்லியிருந்தார்கள்.

ஒத்திகை நாளில் அலங்காரக்காரர் தன் திறமையைக் காட்டிவிட்டிருந்தார். படகு முழுதும் நீலமும் வெள்ளையுமாய்த் துணிக்கூரை. சம்பந்தியம்மா ஏறியதிலிருந்து வாயில் துண்டை வைத்துக்கொண்டு ஓரமாகச் சுருண்டு கிடந்தாள். வயிற்றில் எதுவும் மிச்சமில்லாத பிறகும் குமட்டிக்கொண்டிருந்தது. திரும்பிவிடலாமா என்று கேட்டதற்கு, கையை மட்டும் முன்னால் நீட்டி, போ என்று காட்டினாள்.

தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த கப்பல், கிட்டே வர வர மதில் சுவர் மாதிரி எழுந்தது. துரு வழிந்த இரும்பு. முன்பக்கத்தில் நங்கூரச் சங்கிலி இறுகித் தண்ணீருக்குள் போயிருந்தது. பெண்ணின் அம்மா அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தாள். படகுக்காரர் இன்ஜினை நிறுத்தினார். மேலேயிருந்து அவர் குரல் கேட்டது.

"எங்க இருக்கீங்க? யாரையும் காணோமே."

துணிக்கூரை எல்லோரையும் மூடியிருந்தது. அம்மாவும் மகளும் தட்டுத் தடுமாறிப் படகின் மூக்குக்கு வந்து நின்று அண்ணாந்தார்கள். மேலே அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாடி நெஞ்சில் கிடந்தது. சட்டை அவருடையதுதானா என்று பெண்ணின் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. தோள் அப்படி இறங்கியிருந்தது. மகள் கையைத் தூக்கினாள், பேச்சு வரவில்லை. அம்மாதான் எல்லாவற்றையும் சொன்னாள், அலைக்கு மேலே கத்தி.

அவர் கேட்டு முடித்துத் தலையை ஆட்டினார்.

"இங்க வேண்டாம். பாப்பா கல்யாணத்துக்கு இந்தத் துருப்பிடிச்சதா பின்னால நிக்கணும்? நான் இந்தக் கோலத்துலயா நிக்கணும்? கரையில நல்லபடியா பண்ணுங்க. நான் இங்கேர்ந்தே நினைச்சுக்கறேன்."

"நீங்க நினைச்சுக்கிட்டா போதும்னா, நான் இந்தப் படகுலயே ஏறியிருக்க மாட்டேன்."

படகு ஆடியது. மகள் பின்னாலிருந்து அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷம் வர்றப்போ வாங்க, போறப்போ போங்கன்னுதான் இருந்தேன். ஒரு தடவை இருங்கன்னு கேட்டதில்ல. இப்போ கேக்கறேங்க. அன்னைக்கு அந்தக் கம்பிகிட்ட வந்து நில்லுங்க. அவ்வளவுதான்."

அவர் கம்பியை விட்டுவிட்டு உள்ளே போய்விடுவாரோ என்று அவளுக்குப் பட்டது. அப்போது துணிக்கூரைக்கு அடியிலிருந்து சம்பந்தியம்மா தவழாத குறையாக வெளியே வந்தாள். முகம் வெளுத்து, முடி கலைந்து, துண்டு கையிலேயே இருந்தது.

"சம்பந்தி, நான் பையனோட அம்மா. சட்டைதான் குறைன்னா அளவைச் சொல்லுங்க, அனுப்பி வைக்கறேன். நான் நிக்கற லட்சணத்தைப் பார்த்தீங்கல்ல? இதோடதான் நானும் போட்டோவுல இருக்கப் போறேன்."

அவர் கண்ணைத் துடைத்தாரா, வெயிலுக்குக் கையை வைத்தாரா என்று கீழிருந்து தெரியவில்லை. குனிந்து தண்ணீரைப் பார்த்தார். பிறகு படகுக்காரரைக் கூப்பிட்டுப் பேசினார், மற்ற யாரையும் பார்க்காமல்.

"காலையில கூட்டிட்டு வராத. படகு ரொம்ப ஆடும். மத்தியானத்துக்கு மேல நீரோட்டம் மாறி கப்பல் திரும்பிடும், இந்தப் பக்கம் அலை அடங்கி இருக்கும். அப்போ வா."

படகுக்காரர் சரியென்று தலையசைத்தார்.

"அப்புறம் அந்தத் துணியை எடுத்துரச் சொல்லு. நான் மேலேர்ந்து பார்க்கணும்ல."

இத்தனை பேர் இத்தனை நாள் உட்கார்ந்து திட்டம் போட்டதில் இது ஒருவருக்கும் தோன்றவில்லை. மத்தியான வெயில் மண்டையைப் பிளக்குமே என்று சம்பந்தியம்மா வழக்கம்போல ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் நிறுத்தி, "பிளக்கட்டும்" என்று துண்டால் வாயை மூடிக்கொண்டாள். மகள் அங்கேயே முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினாள். உப்பீரத்தில் முடிச்சு இறுகியிருந்ததால் பல்லால் கடித்து இழுத்தாள்.

இன்ஜின் மறுபடி ஓடியது. பெண்ணின் அம்மா படகின் மூக்கை விட்டு நகரவில்லை. படகு விலக விலக, அவர் கம்பியோரமாகவே நடப்பது தெரிந்தது. ஓரிடத்தில் நின்று, படகு நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தார். சரிப்படவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் தள்ளிப்போய் நின்று மறுபடி பார்த்தார்.