சிவப்பு நூல் தைத்த பத்து வெள்ளி

காசில் மூன்று வெள்ளி குறைகிறது என்று கைவிரித்துவிட்டார் மூக்குக்கண்ணாடிக் கடை தவுக்கே, அந்தச் சீன முதலாளி. பவளத்தின் மகள் நவமணிக்குத் திங்கட்கிழமை பரீட்சை. கண்ணாடி இல்லாமல் அவளுக்குக் கரும்பலகையில் ஓர் எழுத்தும் தெரியாது.

அந்த மூன்று வெள்ளி போன இடம் பவளத்துக்குத் தெரியும். போன வாரம் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது அடைமழை. இடுப்பில் முடிந்திருந்த பத்து வெள்ளி நோட்டு ஊறிப்போய், பிரிக்கையில் இரண்டாகக் கிழிந்தது. அந்த ஈரக் காற்றில் சோற்றுப் பசை ஒட்டவில்லை. அடுப்பருகே காயவைத்து, சிவப்பு நூலால் தைத்தேவிட்டாள்.

தோட்டத்து மளிகைக் கடைக்காரர் காளியண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"இது நோட்டா, ரவிக்கையா? கிழிஞ்சா மதிப்பு போச்சு லா. ஏழு தரேன். வேற எவனும் தொடமாட்டான்."

தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எல்லோருக்கும் அதே கணக்குதான். கறை பட்டால் எட்டு, கிழிந்தால் ஏழு.

கண்ணாடிக் கடையை விட்டு இறங்கியதும் தானா ராத்தா டவுனில் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து வங்கி வாசலில் ஒதுங்கிய பவளம் உள்ளே எட்டிப் பார்த்தாள். காளியண்ணன் ஒரு நோட்டுக் கட்டை நீட்டிக்கொண்டிருந்தார். மேலே சிவப்பு நூல்!

ஈரக்காலோடு உள்ளே நுழைந்தாள்.

"தங்கச்சி, அந்தத் தைச்ச நோட்டுக்கு எவ்வளவு குடுக்கிறே?"

கவுண்டரில் இருந்த பார்பரா நிமிர்ந்தாள். "பத்துதான்க்கா. ரெண்டு பாதியும் இருக்கு, நம்பர் தெரியுது, கள்ள நோட்டும் இல்ல. அப்புறம் ஏன் கொறையும்? இது பஞ்சுல செஞ்ச தாளு. அதான் தையல் நல்லா புடிச்சிருக்கு."

பவளம் காளியண்ணன் பக்கம் திரும்பினாள். இத்தனை வருஷம் அவரை முதலாளி என்று கூப்பிட்ட வாய் அவளுடையது.

"யோவ்! உன் கையில பத்து, என் கையில ஏழா?"

"சத்தம் போடாத. பஸ் காசு, அலைச்சல் எல்லாம் இருக்குல்ல?"

"ஒரு நோட்டுக்கு ஒரு பஸ்ஸா ஏறின? அந்த மஞ்சக் கறை திலகத்தோடது. ஓரம் கருகினது செல்லத்தக்காவோடது. புருசன் காரியத்துக்கு மாத்த வந்தவகிட்டயும் புடிச்சியே, நீ மனுசனா?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். காளியண்ணன் மூன்று வெள்ளியைக் கவுண்டரில் விட்டெறிந்தார்.

"எடுத்துக்கிட்டு போ."

"மத்தவங்களுது?"

"அவங்க வந்து கேக்கட்டும்."

"கேப்பாங்க."

கண்ணாடியை வாங்கிக்கொண்டு பவளம் தோட்டத்து பஸ்ஸில் ஏறினாள். முன் சீட்டில் காளியண்ணன், திரும்பிப் பார்க்கவே இல்லை. இறங்கியதும் அவரை முந்திக்கொண்டு ஓடியவள், தன் வீட்டுக்குள் நுழையாமல் லயத்து நடுவில் நின்று கத்தினாள்.

"திலகம்! செல்லத்தக்கா! எல்லாரும் வெளிய வாங்க! அந்தாளு கடைக்கதவ சாத்துறதுக்குள்ள வாங்கடி!"