கலைவாணன் ஊற்ற வேண்டிய பால்

சண்முகப்பிரியா தட்டிய தட்டில் ரவுட்டரின் பச்சை விளக்கு ஒருமுறை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

"அடிச்சா வருமாடி அது?" என்றாள் எதிர்வீட்டு சுந்தராம்பாள். அரியலூரில் அந்தத் தெருவில் யாருக்கு மூச்சு இழுத்தாலும், முதல் ஆளாக வந்து கட்டிலோரம் நாற்காலி பிடித்துவிடுவாள். ஒப்பாரிக்குத் தன்னை விட்டால் ஆளில்லை என்பது அவளுடைய சொந்த அபிப்பிராயம்.

சிவசுப்பிரமணியனுக்கு நேற்றிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தது. மகள் பிரியா பால் ஊற்றினாள், மனைவி கலியம்மாள் ஊற்றினாள், தெருவில் பாதிப் பேர் ஊற்றிவிட்டார்கள். உயிர் போகிற வழியைக் காணோம். மூத்தவன் கைப் பாலுக்கு நிற்கிறது என்று தெரு கூடித் தீர்ப்புச் சொல்லியாயிற்று. மூத்தவன் கலைவாணன் குவைத்தில் இருந்தான். கம்பெனியில் லீவு தரவில்லை. அவன் குரல் வந்த பட்டன் போனைக் காதில் வைத்தபோது அப்பா, "மூஞ்சியக் காட்டு" என்றார். அதற்கப்புறம் பேச்சில்லை.

ஆகவே லேப்டாப்பில் அவன் முகம் வரும். அவன் சொல்ல, அவன் பேரில் பிரியா பால் ஊற்றுவாள். இப்படியொரு சாங்கியத்தைத் தெரு பார்த்ததில்லை. பார்க்காததாலேயே யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

ரவுட்டர்தான் இடைஞ்சல். கலைவாணனே அங்கிருந்து அனுப்பிய பெட்டி. பாதி நாள் படுத்துக்கொள்ளும். காலையிலிருந்து ரெண்டொரு தரம் அவன் முகம் வந்தது, "அப்பா" என்று வாயைத் திறந்த இடத்திலேயே உறைந்து நின்றது.

"அதத் தூக்கிப் போட்டுட்டு ஒயர நேரா லேப்டாப்புல சொருவேண்டி" என்றாள் கலியம்மாள்.

"ஒயரு எட்டாதும்மா. போன் லைன் வாசல்ல, அப்பா உள்ரூம்ல. நடுவுல வாங்கிக் குடுக்க ஒண்ணு வேணும்."

"கட்டிலக் கூடத்துக்கு இழுத்துட்டா?"

"உசுரோட இருக்கறவரயா?" என்று சுந்தராம்பாள் கேட்டதில் அந்த யோசனை செத்தது.

பிரியா பரண்மேல் ஏறினாள். அண்ணன் காலேஜ் நாளில் விளையாட வாங்கிய பழைய கம்ப்யூட்டர் அங்கே கிடந்தது. சிநேகிதன் கம்ப்யூட்டரோடு சேர்ப்பதற்காகப் பின்னால் இரண்டு ஒயர் சொருக இடம் வைத்திருந்தான். சிமென்ட் தூசியோடு இறக்கிக் கூடத்தில் வைத்து, ஒன்றில் வாசல் ஒயரையும் மற்றதில் லேப்டாப் ஒயரையும் சொருகினாள்.

"சாவு வூட்டுல என்னடி ரிப்பேரு வேல?"

"இன்னும் சாவு வூடு ஆவல, அத்தை." அவள் தலை நிமிரவில்லை.

கம்ப்யூட்டர் ரைஸ்மில் மாதிரி இரைந்துகொண்டு எழுந்தது. லைனை வாங்கியது, உள்ளே தரவில்லை. லேப்டாப்புக்கு வழிவிடச் சொல்லும் எண்களைத் தட்டினாள், விரல் வேர்த்துத் தப்பின. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். உள்ரூமில் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இடம் கூடிக்கொண்டே போனது.

"பிரியா, சீக்கிரம்டி."

"ஒரு நிமிஷம்மா."

"அதுவரைக்கும் அவரு இருக்கணுமேடி."

லேப்டாப் மணியடித்தது. பிரியா உள்ளே ஓடினாள். கலியம்மாள் புருஷன் நெஞ்சில் கை வைத்தபடி மகளை நிமிர்ந்து பார்த்தாள். இல்லையென்று மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

சுந்தராம்பாள் கொண்டையை அவிழ்த்து, எழுந்து, வாயைத் திறந்தாள். பிரியாவின் உள்ளங்கை அந்த வாயைப் பொத்தியது. இன்னொரு கை லேப்டாப்பைத் திருப்பியது.

"அப்பா, நான் தெரியுதாப்பா?" திரையில் கலைவாணன் பளிச்சென்று இருந்தான். "என்னடி, கண்ணு மூடியிருக்காரு?"

"அசந்திருக்காருண்ணே. நீ சொல்லு."

"ஊத்துடி."

ஊற்றினாள். பால் கடைவாய் வழியாகத் தலையணைக்கு இறங்கியது. கேமராவுக்குத் தோளைக் கொடுத்து மறைத்து, முந்தானையால் துடைத்தாள்.

"குடிச்சாரா?"

"குடிச்சாருண்ணே."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். எப்போதும் கட்டாகிற நேரம் இதுதான். கட்டானால் அழலாம்.

கட்டாகவில்லை. கூடத்தில் கம்ப்யூட்டர் சீராக இரைந்துகொண்டிருந்தது. கலைவாணன் பேசினான். பஸ் ஏற்றிவிட வந்த அப்பாவைத் திரும்பிப் பார்க்காமல் போனது, தங்கச்சி கல்யாணத்துக்கு வராதது, ஒவ்வொன்றாக. இந்த வீட்டில் அவன் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. திறந்துகொள்ளப் பார்த்த தாடையைக் கலியம்மாள் கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். சுந்தராம்பாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவரோரம் குலுங்கினாள்.

"லைன் இன்னிக்கு நல்லாருக்கு பிரியா. வச்சிராத. அப்பாவுக்கு இன்னொரு வாய் குடு."

பிரியா டம்ளரை எடுத்தாள். பால் ஆறி ஆடை கட்டியிருந்தது. அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஸ்பூனை முக்கினாள்.