மூன்று டிவி, ஒரு பெட்டி

அப்பா குவைத்தில் வேலை பார்த்த காலத்தில், லீவில் வரும்போதெல்லாம் ஒரு டிவி கொண்டுவந்தார். ஹாலில் ஒன்று, அவர் அறையில் ஒன்று, மாடியில் எங்கள் அறையில் ஒன்று. நெட்டில் படமும் சீரியலும் காட்டும் சின்னப் பெட்டி மட்டும் ஒன்றுதான். அது மாடியில் இருக்கிறது. என் மனைவி ஜெயராணி மாட்டியது.

டிவிக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டாள். நழுவி நழுவி விழுந்தது. தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றி ஆணியோடு சேர்த்துக் கவ்வ வைத்தாள். "இப்ப விழுகுதான்னு பாப்போம்" என்றாள். விழவில்லை.

தை மாதம் காய்ச்சலில் இறந்துபோனாள். முப்பதாம் நாள் பூசை வரை வீட்டில் எந்த டிவியும் ஓடவில்லை. அதன் பிறகு அம்மா கேட்டாள்.

"பிராங்க்ளினு, மேல சும்மாதான கெடக்கு. அந்தப் பெட்டியக் கழட்டிக் கீழ மாட்டிக் குடேன்."

கழற்றினால் கிளிப்பையும் எடுக்க வேண்டும். எடுத்தால் அவள் வைத்த மாதிரி மறுபடி வைக்க என்னால் முடியாது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

புதுக்கோட்டைக்குப் போய் ஒரு இணைப்பை மூன்றாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரும் நீள வயர்களும் வாங்கி வந்தேன். பெட்டியைத் தொடவில்லை. அதன் வயரை மட்டும் டிவியிலிருந்து உருவி ஸ்பிளிட்டரில் செருகினேன். அங்கிருந்து மூன்று டிவிக்கும் வயர் இழுத்தேன், ஜன்னல் வழியாக, மாடிப்படி ஓரமாக.

மூன்றிலும் ஒரே படம்தான் வந்தது. வாங்கும்போது அதை யோசிக்கவில்லை. ரிமோட்டும் மாடியில் மட்டுமே வேலை செய்தது.

"டேய், ஒங்கம்மா பாக்குற மாமியா மருமக சண்டைய நானும் பாக்கணுமா?" என்று அப்பா தன் அறையிலிருந்து கத்துவார்.

"இத்தன வருசம் குவைத்துல ஒத்தையில கெடந்தீங்கள்ல. குடும்பம்னா என்னன்னு பாத்துக் கத்துக்கங்க" என்பாள் அம்மா. பிறகு மாடியை நோக்கி, "பிராங்க்ளினு, அடுத்ததப் போடுப்பா!"

போடுவேன். என் டிவியிலும் அதுவே ஓடும். சத்தத்தை நிறுத்திவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

நேற்று சாயங்காலம் மூன்றிலும் படம் நின்றுபோனது. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள்.

"பெட்டியக் கழட்டி மாட்டுனா வந்துரும்" என்று டிவிக்குப் பின்னால் கையை விட்டாள்.

"தொடாதம்மா!"

சத்தம் அதிகமாகிவிட்டது. அம்மா கையை எடுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஊதா நிறக் கிளிப். அதில் ஒரு நீள முடி சிக்கியிருந்தது.

"இதுக்கா இம்புட்டு வயரு இழுத்த?"

தலையாட்டினேன்.

"எங்கிட்டச் சொன்னா என்ன?"

குனிந்து வயர்களைத் தடவிப் பார்த்தேன். ஸ்பிளிட்டரின் பிளக் தளர்ந்திருந்தது. அழுத்தினேன். படம் வந்தது.

"வந்திருச்சு!" என்று கீழேயிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

அம்மா இறங்கவில்லை. கட்டிலில் ஜெயராணி படுக்கும் பக்கம் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"சத்தத்த வையி. வாய மட்டும் அசைச்சா எனக்கு என்ன வெளங்கும்?"

வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அப்பாவும் ஏறி வந்தார். "ரெண்டு பேரும் இங்கிட்டு என்ன பண்றீங்க? சீரியல்ல அந்தப் பிள்ள அழுகுறத நான் மட்டும் ஒத்தையில பாக்கணுமா?" நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

படுக்க இடமில்லை. நானும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

கீழே இரண்டு டிவியிலும் அதே அழுகை கேட்டது. யாரும் போய் அணைக்கவில்லை.