மருமகனுக்கு வெந்நீர்

மண்ணாடிப்பட்டில் வேறு யார் வீட்டிலும் இல்லாத செம்பு பாய்லரைப் புதுச்சேரியிலிருந்து வண்டி கட்டிக் கொண்டுவந்தவர் தணிகைவேல். இன்று புது மருமகன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு எதிரிலேயே மணையில் உட்கார்ந்திருக்க, தண்ணீரோ வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. அவருக்கு மானம் போயிற்று.

“சிராயை அள்ளிப் போடுடின்னா கஞ்சத்தனம் பண்றியே! உங்கப்பன் வூட்டுல வெந்நீரைக் கண்டிருந்தாத்தானே!” என்று மனைவி கஸ்தூரி மேல் எரிந்து விழுந்தார்.

அவள் பாய்லரின் அடிவாயில் இன்னும் கொஞ்சம் சிராயைத் தள்ளி விசிறினாள். புகை அவள் முகத்திலேயே அடித்தது.

பொறுக்கமாட்டாமல் மருமகன் எழுந்து வந்தான். “மாமா, இது இன்னா?”

புகைக்குழாயின் வாயை அடைத்தபடி ஒரு பித்தளைக் கிண்ணம் இருந்தது. அடுத்துத் தான் குளிப்பதற்காக, மிளகு போட்ட நல்லெண்ணெயைச் சூடேறத் தணிகைவேலே வைத்தது.

“புகை போவ வழியில்லன்னா நெருப்பு எப்டி மாமா நின்னு எரியும்?”

கிண்ணத்தை எடுத்ததும் நெருப்பு குபுகுபுவென்று பிடித்தது. சற்று நேரத்தில் தண்ணீர் கொதித்தது. மருமகன் குளிக்கப் போனான்.

“நீ பாக்கலியாடி?” என்று தணிகைவேல் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“பாத்தேன். மாப்பிள்ளை எதிர்ல எடுத்தா உங்க மானமும் போவும். எங்கப்பன் மானம் போனது போதாதா?”