பதினான்காவது பெயர்

நகரின் மலாத்தே பகுதியில் இப்போது இறைச்சி சுடும் கடைகளும் காரோக்கே கூடங்களும்தான். முன்பு அதே தெருவில் பக்லாக்கள் என்று ஊர் அழைக்கும் பெண் நளினம் கொண்டவர்களும் திருநங்கைகளும் எத்தனை பேர் ஆடினார்கள், எத்தனை பேர் அடி வாங்கினார்கள் என்று கேட்டால் கடைக்காரர்கள் கையை விரிப்பார்கள். ரோவெலினுக்கு அதுதான் வயிற்றெரிச்சல். யாரும் சும்மா மறப்பதில்லை, வசதிக்காக மறக்கிறார்கள் என்பது அவள் கட்சி. ஜீப்னி என்ற பங்கு வேன் ஓட்டுகிறவரின் மகள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. பட்டத்தை வைத்து வேலை தேடு என்றார்கள் வீட்டில். அவள் நாலு மாதம் நூலகத்தில் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளைப் புரட்டினாள்.

கிடைத்தது. 1994-இல் கண்டிலா என்ற மதுக்கூடத்தில் போலீஸ் புகுந்து பிடித்துப்போன இருபத்து மூன்று பேரின் முழுப்பெயரையும், கோழித் திருடர்களின் பெயரைப் போடுவதுபோல், ஒரு பத்திரிகை போட்டிருந்தது. அவமானப்படுத்தப் போட்ட பட்டியலை அவள் மரியாதைப் பட்டியலாக்கினாள். மூடிக் கிடந்த அச்சகத்தின் நிலவறையில் அவளும் அவள் காதலி ஜெஸ்ஸாவும் மாதம் ஒருமுறை யாருக்கும் விளம்பரம் செய்யாமல் டெக்னோ ஆட்டம் நடத்துகிறார்கள். அந்த நிலவறைச் சுவரில் சிவப்புச் சாயத்தில் இருபத்து மூன்று பெயர்கள். மேலே, "இவர்கள் ஓடவில்லை."

சனிக்கிழமை மதியம் மூன்று மணி. ஜெஸ்ஸா ஒலிபெருக்கிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தாள். குடையை மடக்கிக்கொண்டு எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் படியிறங்கி வந்தார். சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது.

"இங்க பொறுப்பு யாரு?"

"நான்தான். ஆறு மணிக்குத்தான் ஆரம்பம்."

"பதினாலாவது பேரு என்னோடது. எலெவ்தேரியோ மன்லாபாஸ். அழிச்சிடும்மா."

ரோவெலின் கையில் இருந்த கம்பிச் சுருளைக் கீழே போட்டாள். அந்தப் பட்டியலில் ஒருவரையாவது உயிரோடு பார்க்க மாட்டோமா என்று ஏங்கியவள் அவள். "சார்! நீங்க இருக்கீங்களா!"

"இருக்கேன். ஆனா அங்க இல்ல. அந்த இடத்துக்குள்ள நான் கால் வெச்சதே கிடையாது."

அவள் முகம் மாறியது. "முப்பது வருஷம் கழிச்சுமா பயப்படுறீங்க? உங்கள மாதிரி ஆளுங்க ஒளிஞ்சதாலதான் எங்க தலையில இவ்வளவு வந்து விடியுது."

அவர் கோபப்படவில்லை. வகுப்பில் தவறான விடை சொன்ன பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நான் பள்ளிக்கூட வாத்தியார். பேப்பர்ல பேரு வந்ததும் ஊர்க்கோடிப் பள்ளிக்கு மாத்துனாங்க. பசங்க என்னை 'மிஸ்'னு கூப்பிட்டாங்க. என் சம்சாரம் இன்னை வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன். நேத்து பேத்தி, இங்க வர்ற சிநேகிதி அனுப்பினதுன்னு போன்ல இந்தச் சுவத்தக் காட்டி, 'பெருமையா இருக்கு லோலோ'ன்னு தாத்தாவக் கொஞ்சுறா. என் சம்சாரம் பக்கத்துலயே உக்காந்து பயறு பொறுக்கிட்டு இருந்தா. அப்பவும் கேக்கல."

ரோவெலின் நம்பவில்லை.

அப்போதுதான் பெர்லா பொம்பில்யா வந்து சேர்ந்தாள். ஆட்டத்துக்கு வருகிறவர்களுக்குப் பன்சித் நூடுல்ஸ் வதக்கிப் போடுகிறவள். ஐம்பது தாண்டிய திருநங்கை. கண்டிலாவில் அன்று பிடிபட்டவர்களில் ஒருத்தி. இரண்டு வாரமாக இலோய்லோவில் தங்கை வீட்டில் இருந்துவிட்டு நேற்றுதான் திரும்பியிருந்தாள். அவள் பார்த்து அசந்து போகட்டும் என்றுதான் ரோவெலின் சுவரைப் பற்றி மூச்சே விடவில்லை.

பெர்லா சட்டியை இறக்கி வைத்தாள். சுவரைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அடியேய் பட்டதாரி! பாதர் குரெகோரியோவ டிஸ்கோவுக்கு யாருடீ கூட்டிட்டு வந்தது?"

"என்ன தீத்தா சொல்றீங்க?" என்றாள் ரோவெலின். பெர்லாவை அவள் அத்தை முறையில் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"ஒன்பதாவதப் பாரு, எங்க வீட்டு ஓனர். அவரு ஆடுனா கட்டடமே விழுந்துடும். அந்த மூணாவது, எங்ககூடப் பிடிபட்ட சோனியாவோட மாமன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கண்டிலாவுல ஒரே சட்டம்தான், கண்ணு. போலீஸ் பேரு கேட்டா உன் பேரக் குடுக்காத. உன்ன அடிச்சவன் பேரக் குடு. ஒருத்தி பாக்கியில்லாம அப்படித்தான் குடுத்தோம்."

நாலு மாதம். ரோவெலின் சுவர்ப்பக்கம் திரும்பினாள். அடித்தவர்களைத்தான் ஆளுயரத்துக்கு எழுதி வைத்து, இவர்கள் ஓடவில்லை என்று மேலே போட்டிருக்கிறாள்.

"பதினாலு என்னோடது," என்றாள் பெர்லா, சிரிப்பு அடங்காமல். "உடற்பயிற்சி வாத்தியாரு. நடை நெளியுதுன்னு பாவாடை கட்டவெச்சு, கொடியேத்தும்போது மேடையில..."

"யாரு, பின் வரிசையில உக்காருவியே, அந்தப் பையனா?" என்றார் பெரியவர்.

பெர்லா திரும்பினாள். ஜெஸ்ஸா ஒலியைக் குறைத்தாள்.

"பையன் இல்ல சார்."

"எனக்கு அந்தப் பாவாடை ஞாபகமே இல்ல."

"எனக்கு இருக்கு. பச்சைக் கட்டம்."

யாரும் உட்காரச் சொல்லாமலே அவர் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

"அப்ப பேருங்க இருக்கட்டும்," என்றாள் ரோவெலின், பல்லைக் கடித்துக்கொண்டு. "தலைப்ப மாத்துறேன். இவங்கதான் அடிச்சாங்கன்னு போடுறேன். ஊரே படிக்கட்டும்."

"எனக்குச் சம்மதம்," என்றார் அவர். "அடிச்சேன்னு எழுது. அது சரிதான் போலருக்கு."

"எனக்குச் சம்மதமில்ல," என்றாள் பெர்லா. "சுத்தி இவனுங்க பேரு நிக்க, நடுவுல நான் ஆடணுமாக்கும்? அதுக்கா ஜெயில் கொசுக்கடி பட்டேன்? அழிடீ."

"அப்ப உண்மையான பேருங்களக் குடுங்க!"

"பாதிப் பேரு செத்துட்டாளுங்க. மீதிப் பேரு பேரன் பேத்தி எடுத்திருக்காளுங்க. என் வாயில வராது."

ரோவெலின் வெள்ளைச் சாய வாளியைத் திறந்தாள். பதினான்காவது பெயரில் தொடங்கினாள். ஒரு பூச்சுக்குச் சிவப்பு அடங்கவில்லை. இன்னொரு பூச்சு போட வேண்டியிருந்தது.

பெரியவர் எழுந்தார். ஆனால் போகவில்லை. "சுவர அழிச்சா பேத்திக்கு ஆச்சு. என் சம்சாரம் முப்பது வருஷமா ஒண்ணும் கேக்காம பயறு பொறுக்குறா, அவளுக்கு ஒரு கடிதம் வேணும். பேர் குடுத்தது நான் இல்லன்னு, குடுத்தவங்க கையெழுத்தோட."

"பெர்லான்னு போட்டுத் தரேன்."

"பெர்லா பொம்பில்யான்னு கையெழுத்துப் போட்டா, அவ நானே எழுதிக்கிட்டேன்னு நினைப்பா. அடையாள அட்டையில இருக்கற பேரு வேணும்."

பெர்லா அடுப்பைப் பற்றவைத்தாள். அணைத்தாள். "அந்தப் பேர எங்கப்பன் வெச்சான். அப்புறம் அவனே கூப்பிடல. இருபது வருஷமா நான் அதை எழுதினதில்ல சார்."

"தீத்தா, வேண்டாம்," என்றாள் ரோவெலின். "இவருக்கு நீங்க ஒண்ணும் கடன்படல."

"இவருக்கில்ல. அந்தப் பொம்பளைக்கு. முப்பது வருஷமா பயறு பொறுக்குறா. அவ என்ன பண்ணா என்னை?"

பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, நூடுல்ஸ் சட்டி மூடியின்மேல் வைத்து எழுதினாள். நாலு வரிதான். ஐந்தாவது வரியில் பேனா நின்றது. பிறகு போட்டாள். மை காயட்டும் என்று ஊதி, ரோவெலினிடம் நீட்டினாள்.

அந்தக் கூடத்தில் ரோவெலினுக்குக் கிடைத்த ஒரே உண்மையான பெயர் அந்தத் தாளில் இருந்தது. அவள் சுவரைப் பார்த்தபடியே அதை நாலாக மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தாள். அவர் உடனே எடுத்துப் பிரிக்கப் போனார்.

"இங்க வேண்டாம் சார்," என்றாள் ரோவெலின். "வீட்டுக்குப் போயி, வீட்டம்மாவையே படிக்கச் சொல்லுங்க."