விசிறிச் சத்தம்

...எழுபத்தொன்று டிகிரி, இன்னும் எழுபத்தொன்றுதான், பத்து நிமிஷமாக அங்கேயே நிற்கிறது, எண்பதைத் தொட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம், தொடமாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் கேம் ஓடவிட்டுச் சூட்டைப் பார்க்காமல் பழைய கிராபிக்ஸ் கார்டு எதையும் வாங்காதே என்று அண்ணன்தான் எழுதியிருந்தான், அதனால் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில், அவருடைய கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, மழையில் ஒரு காரை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பின்னால் கட்டிலில் அந்த அக்கா துவைத்த துணிகளை மடிக்கிறார். கட்டப்போகிறவர்களுக்கு வீட்டை கம்ப்யூட்டரில் வரைந்து காட்டுவது அவர் தொழில், பெரிய கார்டு வாங்கிவிட்டதால் இதை விற்கிறார். "வேணும்னா ஒரு மணி நேரம்கூட ஓட்டிப் பாருங்க தம்பி, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல." கொஞ்சம் அவசரப்படுத்தினாலாவது சந்தேகப்பட வழி இருக்கும், இப்படி நல்லவராக இருந்தால் நான் என்னதான் செய்வது?

மூன்று வாரமாக இதே வேலை, என் பட்ஜெட்டுக்குப் புதிதாகக் கிடைப்பதில் மெமரி போதாது, மெமரி போதுமானதாக இருப்பது பட்ஜெட்டுக்கு மேலே, ஒன்று நீளம், என் கேபினெட்டுக்குள் நுழையவே நுழையாது, கடைக்கு அளவு நாடாவோடு போய் அளந்து பார்த்தேன், கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது, இன்னொன்றை என் பவர் சப்ளை தாங்காது, அதையும் மாற்று என்றால் துண்டு விழும். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவன் நான், நாள் முழுக்க ஒவ்வொரு கண்ணுக்கும் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா, என்று மற்றவர்களைக் கேட்பதுதான் பிழைப்பு. சிலர் ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று சொன்ன பிறகும் எழுந்திருக்க மாட்டார்கள், இன்னொரு தடவை போடுங்கள் என்பார்கள், எரிச்சலாக வரும், இன்றைக்கு அந்த நாற்காலியில் நானே. இந்தக் கார்டில் குறை என்ன? போன தலைமுறைக் கார்டு, இருக்கட்டும், என் மானிட்டருக்கு இதுவே தாராளம், நீளம் சரி, எட்டு ஜிபி, கொடுக்கிற காசுக்கு இதைவிட நல்லது அமையாது, அண்ணனே நேற்று அப்படித்தான் சொன்னான்.

சொன்னான் என்றால் எழுதினான். அண்ணனும் நானும் பேசி இரண்டு வருஷமாகிறது. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததை நான் அவனிடம் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன், காய்ச்சல்தானே, தூரத்தில் இருக்கிறவனை எதற்கு அலைய வைப்பது என்று நினைத்தேன், அவன் வந்து இறங்கியபோது அப்பா இல்லை. "சொல்றதா வேணாமான்னு முடிவு பண்ண நீ யாருடா?" அதுதான் கடைசி. ஆனால் நாங்கள் ஆன்லைனில் ஆடுகிற சண்டை கேமில் நாலு பேர் அணியை விட்டு மட்டும் அவன் போகவில்லை, ஏன் போகவில்லை, கேட்டால் போய்விடுவானோ என்று நான் கேட்கவும் இல்லை. வாராவாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹெட்போனில் அவன் குரல், வலது பக்கம் ஒருத்தன், மருந்து இருக்கா, நான் செத்துட்டேன் நீ போ... ஆட்டம் முடிந்ததும் பட்டென்று போய்விடுவான். அந்த கேமுக்குப் புது வெர்ஷன் வருகிறது, இந்த வெள்ளிக்கிழமை முதல், என் பழைய கார்டில் ஓடாது. மூன்று வாரத்துக்கு முன் தானாகவே எழுதினான், "உன் கார்டு தாங்காது, வேற வாங்கு." எதை வாங்க என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்... அன்றிலிருந்து தினமும் எழுதுகிறான், அது சூடாகும், இது சத்தம் போடும், பவர் சப்ளை எத்தனை வாட்டு, மூடியைக் கழற்றிப் போட்டோ எடுத்து அனுப்பு, போட்டோவைப் பார்த்துவிட்டு, என்னடா இவ்வளவு தூசி, சாப்பிட்டியா இல்லியா. சாப்பிட்டியா என்று கேட்டான். அதை நான் நாலு தடவை படித்தேன்.

இதை வாங்கிப் பொருத்திவிட்டால் நாளைக்கு அவன் எதைக் கேட்பான்? பழையபடி வலது பக்கம் ஒருத்தன், மருந்து இருக்கா, அவ்வளவுதான். வாங்காவிட்டால் அதுவும் கிடையாது. எழுபத்தொன்று. அரை மணி ஆகிவிட்டது, அக்கா துணியெல்லாம் மடித்து முடித்துவிட்டார். கேபினெட்டின் பக்க மூடி கழற்றித்தான் இருக்கிறது, குனிந்து காதை வைத்துக் கேட்டேன், கார்டின் இரண்டு விசிறிகளும் சமர்த்தாகச் சுற்றுகின்றன, மெல்லிசான காற்று, வேறொன்றும் இல்லை. என் விரல் தன்பாட்டுக்கு அண்ணனுக்கு எழுதியது, "எல்லாம் சரி, விசிறியில மட்டும் ஏதோ கடகடன்னு சத்தம்."

பதில் வரவில்லை, போன் அடித்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவனே கூப்பிடுகிறான். எடுத்தேன்.

"போனை விசிறி பக்கத்துல பிடி, கேக்கறேன்," என்றான்.

பிடித்தேன். அக்கா ஒரு துண்டோடு எழுந்து வந்து தானும் குனிந்து கேட்டார். "எங்க தம்பி சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே," முகம் வாடிவிட்டது, தன் பொருளைக் குறை சொல்லிவிட்டேன் என்று, எனக்கு அவமானமாக இருந்தது, ஆனாலும் போனை விலக்கவில்லை. மூன்று பேரும் கேட்டோம். எப்போதும் சின்னச் சத்தத்தையும் தப்பவிடாதவன் அண்ணன், கேமில் சுவருக்கு அந்தப்புறம் நடக்கிற காலடிகூட அவனுக்குத்தான் முதலில் கேட்கும், பொய் என்று இப்போது சொல்லிவிடுவான், இதோ...

"ஆமாடா," என்றான் அண்ணன். "லேசா கேக்குது. விட்டுடு, வேற பாக்கலாம்."

நான் மறுபடியும் குனிந்து காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அண்ணன் இன்னும் போனை வைக்கவில்லை.