மோதிரப் புள்ளி

விளையாட்டு அரங்கத்துக்கு வெளியே விளக்குச் சாமான் விற்பவள் நான். மினுக்கும் குச்சி, மினுக்கும் மோதிரம், தலையில் மாட்டும் மினுக்குக் கொம்பு. ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் ஞாபகத்துக்கென்று ஆசையாய் வாங்குவார்கள். திரும்பும்போது பாதியை வாசலிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். அதையெல்லாம் பொறுக்கி வந்து வீட்டை அலங்கரிப்பது என் வேலை. எங்கள் நிலைக்கண்ணாடியைச் சுற்றி எரிவது கொம்பு விளக்கு. கூடத்தில் தொங்குவது குச்சிகளைக் கட்டிய சரவிளக்கு. அக்காவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே அதன் கீழ் உட்கார்ந்துதான் என் தங்கை பல் டாக்டருக்குப் படித்தாள்.

படித்து என்ன செய்ய? ஒரு பெரிய டாக்டரிடம் வருஷக்கணக்கில் உதவிக்கு இருந்தாள். யார் வாயைத் திறந்தாலும், "சார், நீங்க ஒரு தடவை பாத்துடுங்க" என்பாள். கேட்டுக் கேட்டு எனக்கே பல் கூசியது. நான் நச்சரித்துத்தான் தனியாக ஓர் அறை பிடித்தாள். பிடித்து ஒரு மாதமாகியும் ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து பழைய இடத்துக்கே போகப்போவதாகச் சொன்னாள். அன்று சனிக்கிழமை.

வாசலில் ஒரு பெயர்ப் பலகைகூட இல்லாமல் யார் வருவார்கள் என்று கேட்டேன். பலகை வைத்தால் எல்லோரும் பார்ப்பார்களே என்றாள். வந்ததே எனக்குக் கோபம். பார்க்கத்தானடி பலகை என்று கத்திவிட்டு, வீட்டிலிருந்து என் விளக்குச் சாமான் பெட்டியைத் தூக்கி வந்தேன்.

குச்சிகளிலிருந்து குட்டி விளக்குகளை உருவி, கறுப்புப் பலகையில் ஓட்டை போட்டுச் சொருகி, 'பல் வைத்தியம்' என்று எழுதினேன். மூன்று புள்ளிகளுக்கு மூன்று மோதிரம். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தேன், எரிந்தது, ஒட்டினேன். இருட்டத் தொடங்கியதும் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. என் கைவேலை அப்படி.

சற்று நேரத்தில், தெருமுக்கில் பூட்டு சாவி பழுது பார்க்கும் சாவிக்காரர் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார். முட்டி வலியாம். இங்கே பல் மட்டும்தான் பார்ப்போம் என்றாள் தங்கை.

"வெளிய 'பல வைத்தியம்'னு எரியுதேம்மா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். ல் மேல் இருந்த புள்ளியைக் காணோம். தட்டினால் மட்டும் எரிந்து, கொஞ்ச நேரத்தில் தானாக அணைகிற ரகத்து மோதிரம் ஒன்று கலந்துவிட்டது. நான் தட்டிப் பார்த்தல்லவா ஒட்டினேன்! மானம் கப்பலேறியது. வாசலிலிருந்தே தங்கையின் முகத்தைப் பார்த்தேன். திங்கட்கிழமை போயே விடுவாள் என்று தோன்றியது.

நொண்டிக் காலோடு வந்தவனை ஏமாற்றுவதா என்று பொரிந்து தள்ளிவிட்டு, சாவிக்காரர் வெளியே போய்க் கதவை அறைந்தார். சுவர் அதிர்ந்தது. மோதிரம் பளிச்சென்று எரிந்தது. அவர் பலகையைப் படித்தார், என்னைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மன்னிப்புக் கேட்கப் பின்னாலேயே வந்த தங்கை அந்தத் திறந்த வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கடவாய்ப் பல்லு ஒடைஞ்சிருக்கே. ரொம்ப நாளா வலிக்குதா?"

சிரிப்பு நின்றது. கை தானாகக் கன்னத்துக்குப் போனது. எத்தனையோ மாதமாக மறுபக்கம்தான் மெல்லுகிறாராம், பயத்தில் யாரிடமும் சொல்லவில்லையாம்.

"உள்ள வந்து உக்காருங்க. நான் பாக்குறேன்."

யாரையும் கூப்பிடவில்லை, என்னைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, புள்ளி அணையும்போதெல்லாம் ஒரு தட்டு தட்டினேன். தட்டத் தட்டச் சந்தோஷம் தாங்கவில்லை.

வேலை முடிந்து சாவிக்காரர் போனபின், தங்கை கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்து பலகையை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, திங்கக்கிழமை வரும்போது அணையாத மோதிரமா ஒண்ணு கொண்டு வா."

"சரிங்க டாக்டர்" என்றேன்.